பேஸ் கிட்டாரில் உறுமல்: பிக்அப்பா, செப்புத் தாளா, வீட்டு எர்த்தா?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் ஈ தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். எங்கும் அழுத்தாமல் ஜி தந்தியை மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். மின்சாரத்தின் உறுமல் 50-லும் அதன் இரட்டிப்பான 100-லும் உட்கார்ந்திருப்பதால், சென்னையில் ஓர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உறுமும்போது அது ஏறக்குறைய ஜி சுரத்திலேயே, ஆனால் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறிய சுருதியில் உறுமுகிறது. கூப்பிடாமல் வந்து பின்னால் உட்கார்ந்து, சுருதி சேராமல் மீட்டும் தம்புராக்காரரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கிட்டார் வாசிப்பவரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் இருப்பதால், அவர் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஈக்வலைசரில் வெட்டி எறிந்துவிட்டு உறுமலின் அடிப்பகுதியிலிருந்து தப்பித்துக்கொள்வார். பேஸ் வாசிப்பவருக்கு அந்த வழி கிடையாது. அவருடைய ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, ஐந்து தந்திக் கருவி என்றால் பி தந்தி 31-க்கு இறங்குகிறது, ஆகவே 50-ஐ வெட்டினால் பாட்டின் அடித்தளமும் சேர்ந்து போய்விடும். எனவே உறுமலை வந்த பிறகு வடிகட்டுவது என்ற யோசனையை ஒதுக்கிவிட்டு, வரும் வழியிலேயே அடைக்கும் முறைகளை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். வீட்டு எர்த்தைச் சரிசெய்வது, கருவிக்குள் இருக்கும் வயரிங்கைச் சரிபார்ப்பது, செப்புத் தாள் ஒட்டி ஷீல்டிங் செய்வது, அதாவது கவசமிடுவது, தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பிக்அப்பில் உறுமாத வகை வாங்கி மாட்டுவது, மிக்ஸருக்குப் போகும் வழியில் டிஐ பெட்டி (உள்ளே சிறு டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட இணைப்புப் பெட்டி) வைத்து இணைப்பைப் பிரிப்பது என்று அவை ஐந்து. என்னிடம் இருப்பது இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச் சுருள்) பிக்அப் கொண்ட ஜாஸ் பேஸ் வகைக் கருவி. வாசிப்பது மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பிலும், முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவோடு கல்யாண மண்டபங்களிலும். இதே நிலையில் இருப்பவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஐந்தில் எது உங்களுக்கு என்பது, கேட்கும் இரைச்சல் எந்த ரகம் என்பதைப் பொறுத்தது. 'ம்ம்ம்' என்று உருண்டையாக, தாழ்வாக வருவது உறுமல். இது பெரும்பாலும் ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், பழைய ட்யூப் லைட்டின் சோக் போன்றவற்றின் காந்தப்புலம் பிக்அப்பின் கம்பிச் சுருளில் நேரடியாக ஏறுவதால் உண்டாவது. 'இர்ர்ர்' என்று கூர்மையாக, எரிச்சலூட்டும்படி வருவது கரகரப்பு. இது சுவருக்குள் ஓடும் ஒயர்களின் மின்புலத்தை, கருவியின் மூடப்படாத உட்பகுதியும் வாசிப்பவரின் உடம்பும் ஆன்டெனா போல வாங்கிக் கொடுப்பதால் உண்டாவது. இரண்டும் கலந்து வருவதுதான் வழக்கம் என்றாலும் மருந்து வேறு வேறு. செப்புத் தாள் கரகரப்பை அடக்கும், உறுமலைத் தொடாது. பிக்அப்பை மாற்றினால் உறுமல் போகும், கரகரப்பு மிஞ்சும். பணத்தை வீணாக்கியவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்; நானும் அதில் சேர்த்தி.

கண்டுபிடிப்பதற்குப் பத்து நிமிடம் போதும். கேபிளை ஆம்பிலிருந்து உருவிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் உறுமினால் குற்றம் கருவியில் இல்லை. அடுத்து, கருவியைச் செருகி இரண்டு வால்யூம் திருகுகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள் (ஜாஸ் பேஸில் ஒன்றை மட்டும் இறக்கினால் மற்றது ஒலித்துக்கொண்டிருக்கும்). இப்போது அமைதியானால் இரைச்சல் பிக்அப் பக்கத்திலிருந்து வருகிறது. அமைதியாகாவிட்டால் கேபிளையும், அதைச் செருகும் துளையான ஜாக்கையும் சந்தேகியுங்கள். பிறகு வால்யூமை ஏற்றி, உட்கார்ந்த இடத்திலேயே உடம்போடு சேர்த்துக் கருவியை மெல்லத் திருப்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் ஓங்கி, இன்னொரு திசையில் ஏறக்குறைய மறைந்தால் அது காந்தப்புலத்தின் வேலை. கடைசியாகத் தந்திகளைத் தொட்டும் விட்டும் பாருங்கள். தொட்டதும் கரகரப்பு குறைந்தால், பலர் நினைப்பதற்கு மாறாக, உங்கள் கருவியின் கிரவுண்ட் (எர்த்தோடு சேரும் இணைப்பு) நன்றாகவே இருக்கிறது என்று பொருள். உங்கள் உடம்பு தந்தி வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்து, ஆன்டெனாவாக இருந்தது திரையாக மாறுகிறது, அவ்வளவுதான். தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது வீட்டு எர்த்தில் கோளாறு இருக்கலாம்.

சென்னைக்கென்றே இன்னொரு சோதனை உண்டு. சீலிங் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். திருகுகிற வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் பல, மின்னலையை நொடிக்கு 100 முறை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டு ஒவ்வொன்றும் சுவர் ஒயர் முழுவதும் கரகரப்பாகப் பரவுகிறது. என் அறையில் ஃபேனை ஐந்தில் வைத்தால் அமைதி, மூன்றுக்கு இறக்கினால் கரகரப்பு. கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு வாசி என்று எவரையும் சொல்ல முடியாது என்பதால், 'டக் டக்' என்று படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். இதுவரை உறுமலுக்காக நான் செய்த செலவுகளில் மிகச் சிறியதும், செலவழித்த ரூபாய்க்கு மிக அதிகம் பலன் தந்ததும் அதுதான்.

இனி ஐந்து வழிகளுக்கு வருவோம். வீட்டு எர்த்தை முதலில் வைக்கிறேன், இரைச்சலுக்காக மட்டும் அல்ல. பேஸ் கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் தகடு) வழியாக, கேபிளின் வெளிவலை (உள்ளே போகும் ஒயரைச் சுற்றிய உலோக வலை) வழியாக, ஆம்பின் உலோக உடலோடு இணைந்திருக்கின்றன. ஆம்பின் உடல் மூன்று பின் பிளக்கின் மேலே இருக்கும் பெரிய பின் வழியாக எர்த்தோடு இணைகிறது. அதாவது விரலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரே ஒயர்தான். அந்த எர்த் இல்லாத வீட்டில், பல ஆம்புகளின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு கெபாசிட்டர்கள் காரணமாக ஆம்பின் உடல் 230 வோல்ட்டில் பாதி அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று தந்தியைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலச் 'சுருசுரு' என்று இருக்கும், கூடவே ஆம்பில் உறுமல் ஏறும். அந்தச் சுருசுருப்பு எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டு இங்கிலாந்தை அடுத்த வேல்ஸில், ஸ்வான்சி நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அந்த இடத்திலேயே இறந்தார்.

மல்ட்டிமீட்டர் ஒன்று வைத்திருப்பவர் இதை அளந்துவிடலாம். பழக்கமில்லாதவர் எலக்ட்ரீஷியனை அழைப்பது நல்லது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்: இப்படி வந்தால் எர்த் இருக்கிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 110, 140 என்று எண் அலைபாய்ந்தால் அந்தத் துளையில் ஒயர் இருக்கலாம், எர்த் இல்லை. எங்கள் குடியிருப்பில் வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "எர்த் ஒயர் இருக்கு சார், அது எங்க போகுதுன்னுதான் தெரியல" என்றார். கீழே மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இருந்த எர்த் குழியைத் தேடிப் பார்த்தால், அதன் மேல் யாரோ பூந்தொட்டி வைத்திருந்தார்கள். குழாயில் கட்டியிருந்த கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மணல் கோடையில் வறண்டுபோகும்போது எர்த்தின் தடை ஏறுவதும் இயல்பு. குழியில் தண்ணீர் ஊற்றுவது பழங்காலத்து வழக்கம் என்றாலும் அர்த்தமுள்ள வழக்கம்.

இந்த வழியில் செலவு குடியிருப்பு முழுவதற்கும் பகிர்ந்துகொள்ளக்கூடியது, தொல்லை என்னவென்றால் சங்கக் கூட்டத்தில் ஒருவரைப் பேச வைப்பது. அவசரப்பட்டு இரண்டு குறுக்குவழிகளில் இறங்கிவிட வேண்டாம். ஒன்று, எர்த் பின்னை உடைப்பது அல்லது மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் போடுவது. உறுமல் சில சமயம் நிற்கும், உயிருக்கான காவலும் அதோடு நிற்கும். மற்றது, எர்த் இல்லாத ப்ளக் பாயிண்டில் எர்த் துளையையும் நியூட்ரலையும் உள்ளேயே ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. இதைச் செய்ததும் இரைச்சல் சட்டென்று அடங்கும், எல்லாம் சரியானது போல இருக்கும். ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால் ஆம்பின் உடலும், அதன் வழியாகத் தந்திகளும், முழு 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். எர்த் வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும் என்றால், அதுவரைக்கும் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றைப் போட்டுக்கொள்வதே சரி.

இரண்டாவது வழி, கருவியின் உள்வயரிங். இதை மாற்று வழி என்று சொல்வதைவிட, மற்ற எதற்கும் முன் செய்து தீர்க்க வேண்டிய கடமை என்பேன். மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறு முனையைக் கேபிளின் ஆம்ப் பக்க பிளக்கின் உடலிலும் வையுங்கள்; ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரிட்ஜைக் கழற்றுங்கள். என் கருவியில் கழற்றியபோது, மரத்தில் துளைத்த சிறு ஓட்டையிலிருந்து எட்டிப் பார்த்த ஒயரின் நுனி, பிரிட்ஜின் தகட்டுக்கு அடியில் சும்மா நசுங்கிக் கிடந்தது. சால்டர் (ஈயப் பற்று) எதுவும் இல்லை, நம் உப்புக் காற்று பட்டுப் பட்டுச் செப்பு பச்சை பூத்திருந்தது, தகட்டின் அடிப்பக்கத்தில் அந்தப் பச்சையே ஒரு கோடாகப் படிந்திருந்தது. எமரித் தாளால் இரண்டையும் தேய்த்து, ஒயரின் நுனியை விசிறி போல விரித்து வைத்து மறுபடி முடுக்கியதோடு பாதிக் கரகரப்பு அடங்கியது. ஜாக்கின் நட்டு தளர்ந்து, உள்ளே ஒயர் முறுக்கி அறுவதும் அடிக்கடி நடப்பது. இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும், ஸ்பீக்கர் கேபிளில் வெளிவலை கிடையாது. அதைக் கருவிக்குப் போட்டுவிட்டு ஆம்பைத் திட்டியவர்களை ஒத்திகைகளில் பார்த்திருக்கிறேன்.

ஒரு விலக்கு உண்டு. ஈஎம்ஜி போன்ற, பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்அப்கள் உள்ளேயே ஷீல்ட் செய்யப்பட்டவை. அந்த நிறுவனமே பிரிட்ஜ் ஒயர் வேண்டாம் என்று சொல்கிறது. அங்கே பிரிட்ஜ் கிரவுண்ட் இல்லாதது குறை அல்ல.

மூன்றாவது வழியான செப்புத் தாள், செய்து பார்க்க ஆசையைத் தூண்டுவது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவில் ஒரு சுருள் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றைக் கொடுத்தால் முடிந்துவிடும். பிக்அப் குழிகளையும் கண்ட்ரோல் குழியையும் உள்ளே முழுவதும் மூடி, ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு மின்தொடர்பில் இருக்கும்படி ஓரங்களில் சால்டர் பொட்டு வைத்து, மொத்தத்தையும் ஓர் ஒயரால் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்ட தாள் வெறும் அலங்காரம். பசை மின்சாரத்தைக் கடத்தும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் ஆம் என்று சொன்னாலும் வீட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஜாக்கின் நுனித் தகடு தாளில் பட்டால் கருவி ஊமையாகிவிடும், அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் உறுமல் அப்படியே இருக்கிறதே என்ற புலம்பலுக்குப் பதில் இயற்பியலில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் காந்த அலை செப்புக்குள் நுழைந்து கணிசமாக மெலிவதற்குச் சுமார் 9 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். நாம் ஒட்டும் தாளோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எனவே தாள், மின்புலக் கரகரப்புக்கு நல்ல கவசம், காந்த உறுமலுக்குக் கண்ணாடி ஜன்னல். கரகரப்புதான் உங்கள் தொல்லை என்றால், தந்தியைத் தொட்டதும் அது குறைகிறது என்றால், ஐந்து வழிகளில் இதையே தேர்ந்தெடுங்கள். கடத்தும் கருப்புப் பெயின்டும் இதே வேலையைச் செய்யும், சற்றுக் குறைவாகச் செய்யும்.

நான்காவது வழி, பிக்அப் மாற்றம். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரசிஷன் பேஸ் 1951-இல் ஒற்றைச் சுருளோடு வந்தது. 1957-இல் அதன் பிக்அப்பை இரண்டு துண்டாக்கி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றி, காந்தங்களையும் தலைகீழாக வைத்தார்கள். தந்தியின் ஒலி கழியாமல் நிற்கும், வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எனவே பிரசிஷன் வகைக் கருவி வைத்திருப்பவர் உறுமலுக்காகப் பிக்அப் மாற்ற நினைத்தால் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் குறை வேறெங்கோ இருக்கிறது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் அதே தந்திரம் இரண்டு தனித்தனி பிக்அப்களுக்கு இடையே செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு வால்யூமும் சமமாக இருக்கும்வரை உறுமல் கழிந்துவிடும். ஒன்றைக் குறைத்தால் வெளிப்படும். ஆகவே இரண்டையும் முழுதாக வைத்து வாசிப்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே செலவில்லாத வழி. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பாணியில் பிரிட்ஜ் பக்கப் பிக்அப்பின் மூக்கொலியை மட்டும் வேண்டுவோருக்கு அது போதாது.

அவர்களுக்காக அதே அளவில், உள்ளே இரட்டைச் சுருள் கொண்ட பிக்அப்கள் கிடைக்கின்றன. டிமார்சியோவின் மாடல் ஜே போன்றவற்றில் இரண்டு தந்திக்கு ஒரு சுருள் என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். என் காதுக்கு அடுக்கு வகையில் மேல்சுரங்களின் மினுமினுப்பு கொஞ்சம் மங்குகிறது. பாட்டுக் குழுவில் டிரம்ஸோடு சேர்ந்து ஒலிக்கும்போது எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. விலைதான் இடிக்கிறது: இறக்குமதி ஜோடி, ஆரம்பநிலை பேஸ் ஒன்றின் விலையை நெருங்கிவிடும். அதற்காகச் சிலர் பாதி செலவு செய்யலாம் என்று பிரிட்ஜ் பிக்அப்பை மட்டும் மாற்றுகிறார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஜோடி இரண்டும் சேரும்போதாவது அமைதியாக இருந்தது. ஒன்று உறுமாததாகி மற்றது ஒற்றைச் சுருளாகவே இருந்தால், அதன் உறுமலைக் கழிக்க எதிர்ச்சுருள் இல்லாமல், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதும் உறுமும். வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

ஐந்தாவது வழி மேடைக்கும் மடிக்கணினிக்கும் உரியது. வீட்டில் அமைதியாக இருக்கும் கருவி மண்டபத்தில் உறுமுகிறது என்றால், பெரும்பாலும் உங்கள் ஆம்ப் மேடையில் ஓர் இடத்திலும் மிக்ஸர் அரங்கின் கடைசியில் வேறோர் இடத்திலும் எர்த் ஆகி, இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிளின் வெளிவலை ஒரு சுற்றுப்பாதையை முடித்துவைப்பதே காரணம். சென்ற தை மாதம் ஒரு மண்டபத்தில், ஜெனரேட்டருக்கு மாறியதும் முழு ஸ்பீக்கரும் உறுமியது. பந்தல் சீரியல் செட், மேடை டிம்மர் எல்லாம் அதே லைனில். அவசரத்தில் யாரோ என் ஆம்பின் எர்த் பின்னைத் தவிர்க்க இரண்டு பின் அடாப்டரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். முன்பொரு முறை பக்கவாட்டில் குரல் கொடுக்க மைக்கில் வாயை வைத்தவருக்கு உதட்டில் சுள்ளென்று அடித்தது நினைவிருந்ததால் வாங்கவில்லை. பையில் வைத்திருந்த பாசிவ் (தனி மின்சாரம் தேவைப்படாத) டிஐ பெட்டியை நடுவில் போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைத் தட்டியதும் உறுமல் நின்றது. அந்தப் பொத்தான் துண்டிப்பது ஆடியோ கேபிளின் வெளிவலையைத்தான். ஆம்பின் காவல் எர்த் அப்படியே இருக்கிறது. எர்த்தை வெட்டுவது என்றால் வெட்ட வேண்டிய ஒரே இடம் இதுதான்.

டிஐ பெட்டியில் மலிவானதை வாங்க வேண்டாம் என்று சொல்ல பேஸ்காரருக்குத் தனிக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த சுரங்களில்தான் முதலில் திணறும். கிட்டாருக்குக் குறையே சொல்ல முடியாத பெட்டி, ஓங்கி மீட்டிய ஈ தந்தியைச் சப்பையாக்கிவிடும். வாங்குமுன் கருவியைக் கொண்டுபோய்த் தாழ்ந்த சுரங்களைப் பலமாக வாசித்துக் கேளுங்கள். மடிக்கணினியில் பதிவு செய்யும்போது வரும் கரகரப்புக்கோ, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; போய்விட்டால் பதிவு முடியும்வரை பிடுங்கியே வைத்திருங்கள், எதையும் வாங்க வேண்டாம்.

நாய்ஸ் கேட் பெடலை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. வாசிக்காதபோது மட்டும் வாயை மூடி, வாசிக்கும்போது உறுமலையும் சேர்த்துத் திறந்துவிடும் கருவி அது; நீண்டு தேய்ந்து முடிய வேண்டிய சுரத்தின் வாலையும் வெட்டும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. ப்ளக் பாயிண்டை அளப்பது, ரெகுலேட்டரை மாற்றுவது, பிரிட்ஜ் ஒயரைப் பார்ப்பது: இவை மூன்றும் எவரும் தவிர்க்கக் கூடாதவை. அதன் பிறகு மிஞ்சுவது கரகரப்பு என்றால் செப்புத் தாள். உறுமல்தான் மிஞ்சுகிறது, ஒற்றைப் பிக்அப்பில் வாசிக்காமல் இருக்க முடியாது என்றால் மட்டும் பிக்அப் ஜோடி. மற்றவர்கள் ஆம்பிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலே டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் விரைவாக மெலிந்துவிடும். வாரம் ஒரு மேடையாவது ஏறுபவர் பிக்அப்புக்கு முன் டிஐ பெட்டியை வாங்கட்டும். நான் பிக்அப்புக்கென்று ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு நல்ல பாசிவ் டிஐயும் ஆர்சிசிபியும் வாங்கினேன். மீதியில் எர்த் குழிக்கு எங்கள் வீட்டின் பங்கைக் கட்டினேன், பூந்தொட்டியை மாடிப்படி ஓரத்துக்கு நகர்த்தினோம். ஜாஸ் பேஸின் இரண்டு வால்யூம்களும் இப்போது முழுதாகவே இருக்கின்றன.